தகப்பனாரைக் கூட்டி வரச் சொன்னேன்

14.8.1934, செவ்வாய், கண்டி

காலையில் எங்கள் மோட்டார் கடைக்கு மடுல்கெல்லையிலிருந்து ஓர் இளைஞர் கார் பார்க்க வந்தார். இருபத்திரண்டு வயது இருக்கும். விலை கேட்டார். “அப்பாவ கூட்டிட்டு வாங்க தம்பி, பேசுவோம்” என்றேன். வழக்கமாகச் சொல்வதுதான்.

மத்தியானம் தலைப்பாகை கட்டிய பெரியவர் ஒருவரோடு திரும்பி வந்தார். பெரியவரைக் கதிரை போட்டு உட்கார வைத்து, எஞ்சின் முதல் டயர் வரை அரை மணி நேரம் விளக்கினேன்.

“ஐயா என்ன சொல்றீங்க?”

“எனக்கு என்னங்க தெரியும்? நான் மார்க்கட்டுல வெத்தில விக்கிறவன். தம்பி சும்மா வந்து உக்காரச் சொன்னாரு.”

இளைஞர் சிரிக்கவில்லை. “இப்ப எனக்குச் சொல்லுங்க” என்றார்.

முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். யோசித்து வருவதாகச் சொல்லிப் போனார். அவர் போன பிறகுதான் உறைத்தது. அப்போதும் அவரை நான் உட்காரச் சொல்லவில்லை.