பிரிக்கக் கூடாத பொட்டலம்

அன்பு மகள் ஆனந்திக்கு,

காளியம்மன் காவலில் நானும் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், புனேயில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று காலையில் விளக்கேற்றும்போதே கேட்டுக்கொண்டேன். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை. மழை ஒரு தூற்றலோடு போய்விட்டது, குழாயில் தண்ணீர் வந்து இன்றோடு பதினொரு நாள். தண்ணீர் வந்த நாளையெல்லாம் நான் நோட்டில் குறித்து வைப்பதைப் பார்த்துச் சிரிப்பாயே, அந்த நோட்டைத்தான் எதிர்வீட்டுக் கண்ணம்மாள் கிராமசபையில் எழுந்து நின்று வாசித்தாள். விடியுமுன் மல்லிகை பறித்து, பூ கட்டிக் கொடுத்துவிட்டு, யூனியன் ஆபீசுக்கு மனுவோடு நாலு தடவை நடந்தவள். இப்போது நம் வார்டு மெம்பருக்கு நிற்கிறேன் என்று சொன்னாள். எனக்கு எம்புட்டுச் சந்தோசம் தெரியுமா.

ஆனால் நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும், போட்டி வந்தால் சண்டை வரும் என்று அம்மன் முன்னால் பூ கட்டிப் பார்த்து ஒருத்தரை விலகச் சொல்லிவிடுவார்கள். போன இரண்டு தடவையும் இப்போதைய மெம்பர் முருகேசனுக்குத்தான் பூ விழுந்தது, அம்மன் வாக்கு என்று நானும் கும்பிட்டுவிட்டு வந்தேன். இந்தத் தடவை அவருக்குச் செவ்வரளி, கண்ணம்மாளுக்கு வெள்ளை மல்லிகை. பூசாரி இலையில் மடித்து இரண்டு பொட்டலம் போட்டார், ஒரு சின்னப் பிள்ளை எடுத்துக் கொடுத்ததில் செவ்வரளி வந்தது. ஆத்தா சொன்னா சரிதான் என்று திருநீறு பூசிக்கொண்டு கண்ணம்மாள் போய்விட்டாள். எனக்கு மனசே கேட்கவில்லை. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் கிணற்றில் விட வேண்டும், அதை நான் வாங்கிக்கொண்டேன். அம்மன் காலடியில் இருந்த மல்லிகை, அவள் தலையில் வைத்துவிட்டால் கொஞ்சம் ஆறுதலாக இருக்குமே என்று நினைத்து வழியிலேயே பிரித்தேன். உள்ளேயும் செவ்வரளிதான் பாப்பா.

கூட வந்த அப்பாவிடம் காட்டினால், சாமி காரியத்துல வாயக் குடுக்காம வீட்டுக்கு நட என்கிறார். சாமி காரியம்னா சாமியவே ஏமாத்தலாமா என்று கேட்டுவிட்டுக் கோயிலுக்கே திரும்பி நடந்தேன். எல்லோரும் பானகம் குடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த இலையை அம்மன் முன்னால் விரித்து வைத்தேன். பூசாரி, அவசரத்துல மாத்திக் கட்டிட்டேன்தா என்றார். போன இரண்டு தடவையும் இதே அவசரமா என்று கேட்க வாய் வரை வந்தது, கோயில் என்று அடக்கிக்கொண்டேன். அதற்குள் யாரோ சொல்லிக் கண்ணம்மாள் வந்துவிட்டாள். பூ கட்டுறவளுக்குப் பஞ்சாயத்தப் பத்தி என்னத்தா தெரியும் என்றார் முருகேசன். கட்டுன பொட்டலத்துக்குள்ள என்ன இருக்குன்னு மறக்காம இருக்கத் தெரியும்ணே என்றாள், அவர் பக்கத்து ஆட்களே சிரித்துவிட்டார்கள். சரி, திரும்பக் கட்டிப் பார்ப்போம் என்றார் அவர். அப்போது அவள் சொன்னதுதான் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. வேணாம்ணே, ஆத்தாவ இதுக்குள்ள இழுத்தது போதும், ஓட்டுப் பெட்டி இருக்குல்ல, சனங்க சொல்லட்டும், தோத்தா நானே உங்களுக்கு மாலை கட்டிப் போடுறேன் என்றாள். கோபமே இல்லை அந்த முகத்தில்.

இரண்டு நாள் உன் அப்பா கோபத்தில் தானே சோறு போட்டுச் சாப்பிட்டார். மூன்றாம் நாள் காலையில் டிவிஎஸ்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார், எங்கே என்று கேட்டால், கண்ணம்மா மனுத் தாக்கல் பண்ணணும்ல, பஸ்ஸு எப்ப வந்து எப்பப் போக என்றார். முன்மொழிந்து கையெழுத்துப் போட்டதும் அவர்தான்.

அடுத்த மாதம் பதினேழாம் தேதி ஓட்டு. அங்கே வேளாவேளைக்குச் சாப்பிடு, ராத்திரி போனைப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. உன் ஓட்டு அட்டை பீரோவில் பத்திரமாக இருக்கிறது, டிக்கெட்டை மட்டும் இன்றைக்கே போட்டுவிடு. இந்த ஊருக்கு வாழ வந்து இருபத்தாறு வருசத்தில் எம்.எல்.ஏ.வுக்குப் போட்டிருக்கிறேன், தலைவருக்குப் போட்டிருக்கிறேன், என் வார்டுக்கு ஒரு ஓட்டுப் போட்டதில்லை. கண்ணம்மாள் ஜெயிக்க வேண்டும் என்று அம்மனிடம் நான் வேண்டவில்லை, ஆத்தாவை இதில் இழுக்காதே என்று சொன்னவளாயிற்றே அவள். என் வார்டுக்கு நான் முதல் ஓட்டுப் போடப் போகும்போது நீ பக்கத்தில் நிற்க வேண்டும் என்று மட்டும் கேட்டிருக்கிறேன்.

நீ நூறு வயது நிறைவாக இருக்க ஆசீர்வதிக்கும்,
உன் அம்மா,
மாயம்மாள்