ஒரு பக்கம் சாய்ந்த கேக்

அக்டோபர் 9

அடியில் கரி, மேலே பச்சை மாவு. இது நான்காவது தட்டு பன்.

ஆர்லன் ஒன்றை எடுத்து மேசையில் தட்டிப் பார்த்தான். "வெர்லா, இதத் தூக்கிப் போட்டுடாத. சக்கரத்துக்கு அடியில வைக்கக் கட்டை பத்தல" என்றான். நாற்பத்தாறு வருஷம் என் சமையலைத் தின்று வளர்ந்த தொப்பை, அதற்கு இந்த வாய்! அதே பன்னை அவன்மேல் எறிந்தேன். தோளில் பட்டது.

டக்கோட்டாவில் வீட்டை விற்றதற்கு எனக்கு வருத்தமே இல்லை. இனி ஒரு குளிர்காலம்கூட வாசலில் பனி அள்ளிக்கொண்டு நிற்க மாட்டேன். இருபத்தெட்டு அடி டிரெய்லர் வீடு, அரிசோனா வெயில், பக்கத்தில் நல்ல ஜனங்கள். வேறென்ன வேண்டும்? இந்த ஓவன் ஒன்றுதான் என் உயிரை வாங்குகிறது. செருப்புப் பெட்டி அளவு. நடுவில் ஒரே ஒரு வரிசை நெருப்பு. அதைப் பற்றவைக்க மண்டி போட்டுத் தலையை உள்ளே விட வேண்டும். சர்ச்சில்கூட நான் இவ்வளவு மண்டி போட்டதில்லை.

அக்டோபர் 12

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

கர்ட் போன் செய்தான். நவம்பர் கடைசியில் நன்றித் திருநாளுக்கு அவனும் அவன் மனைவி மாரிட்டும் இங்கே வருகிறார்களாம். பிறகு வழக்கமான பாட்டு: "அம்மா, என் வீட்டுக் கீழ்த்தளத்து அறைக்குப் புதுசா வர்ணம் அடிச்சு வச்சிருக்கேன். அந்தத் தகர டப்பாக்குள்ள எத்தன நாளைக்குக் கிடப்பீங்க? அதெல்லாம் ஒரு வீடா?"

எனக்குச் சுருக்கென்றது. "வீடா இல்லையான்னு வந்து பாருடா. அந்த வாரந்தான உன் பொறந்தநாள்? கருக்கின சர்க்கரை கேக், ரெண்டு அடுக்கு, எப்பவும் போல இந்த ஓவன்லயே சுட்டுத் தரேன். சரியா வரலன்னா மறுநாளே பெட்டியக் கட்டிக்கிட்டு உன் கீழ்த்தளத்துக்கு வந்துடறோம்" என்று சொல்லிவிட்டேன்.

அவன் சிரித்தான். "பேச்சு மாறக் கூடாது" என்றான். என் பிள்ளைதானே, விடுவானா!

போனை வைத்த பிறகு ஆர்லன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?" என்றான். கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அக்டோபர் 15

ஓவனுக்குள் தனியாக ஒரு வெப்பமானி வாங்கித் தொங்கவிட்டேன். திருகில் 350 வைத்தால் உள்ளே 425! இத்தனை நாளாக என்னிடம் வாய் கூசாமல் பொய் சொல்லியிருக்கிறது. திருகின் ஓரத்தில் நகப்பூச்சால் என் சொந்தக் கோடுகள் போட்டேன். இனி நான் சொல்வதுதான் 350.

அக்டோபர் 19

பக்கத்து இடத்துக்காரி இனெஸ் வந்தாள். கணவன் போய்ப் பதினொரு வருஷமாகிறது. பஸ் நீளத்துக்கு இருக்கும் வண்டியைத் தனியாகவே ஓட்டிக்கொண்டு நாடு முழுக்கச் சுற்றுகிறாள். என் பன்னின் அடியைப் பார்த்தாள். "நெருப்புக்கும் தட்டுக்கும் நடுவுல ஒரு ஓடு வை கண்ணு. மெருகு பூசாத களிமண் ஓடு. சூட்டை அது வாங்கிப் பரப்பிடும்" என்றாள்.

கடைக்குப் போய் வாங்கி வந்தோம். அளவுக்கு வெட்டுவது ஆர்லனுக்கு விளையாட்டு. நாற்பது வருஷம் ஊரெல்லாம் தரை பதித்தவன். ஆனாலும் முதல் ஓடு கோணலாகப் போனது. வெட்டுக்கத்தி மழுங்கிவிட்டது என்றான். இரண்டாவதை நானே பிடித்துக்கொண்டேன்.

அக்டோபர் 20

முப்பது நிமிஷம் வெறும் ஓட்டைச் சூடாக்கிவிட்டுப் பிறகுதான் தட்டை வைக்க வேண்டும். பொறுமை இல்லாதவளுக்கென்றே செய்த ஓவன்.

அக்டோபர் 26

ஆகா! அடி பொன்னிறம், மேலும் பொன்னிறம்! பாதி வேக்காட்டில் தட்டைத் திருப்பி வைத்தேன், அவ்வளவுதான். எங்கள் டிரெய்லர் பேட்டையின் ஞாயிறு பொதுச் சாப்பாட்டுக்கு இருபத்து நான்கு பன் கொண்டுபோனேன். சூப் ஊற்றுவதற்குள் கூடை காலி. "எந்தக் கடையில வாங்கினீங்க?" என்று ஒருத்தி கேட்டாள். நானே சுட்டது என்று சொல்லும்போது என் குரல் கொஞ்சம் ஓங்கித்தான் இருந்தது. இருந்தால் என்ன? ஆர்லன் என் பெருமையைக் கேட்டுத் தலையை ஆட்டிக்கொண்டே ஆறு தின்றான்.

நவம்பர் 3

முதல் கேக். நிறம் சரி, வேக்காடு சரி, மணம் அப்படியே நம் வீட்டு மணம். ஆனால் வாசல் பக்கம் இரண்டு விரல் உயரம், படுக்கைப் பக்கம் ஒரு விரல். இரண்டு அடுக்கை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் மேலடுக்கு வழுக்கிக் கீழே இறங்கிவிடும்.

நவம்பர் 5

கம்பித் தட்டு வளைந்திருக்குமோ என்று ஒரு மூலைக்குக் கீழே காசு வைத்துப் பார்த்தேன். அதே சாய்வு. முன்னதாகவே திருப்பினேன். நடு அமுங்கிப்போய் இன்னும் மோசம்.

நவம்பர் 8

ஐந்தாவது கேக்கையும் இனெஸிடம் கொண்டுபோனேன். ஒரு துண்டு தின்றாள். மிச்சத்தைத் தட்டோடு கண்மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்தாள்.

"கேக்கு மேல தப்பில்ல கண்ணு. உன் வீடு சாஞ்சு நிக்குது."

எனக்கு ஆத்திரம் வந்தது. "யாரு நிறுத்தினதுன்னு தெரியுமா? ஆர்லன் போட்ட தரையில கோலிக்குண்டு உருளாது" என்றேன்.

"அப்ப உருட்டிப் பாரேன்" என்றாள். எழுந்து வந்துவிட்டேன்.

நவம்பர் 9

ஆர்லன் குளிக்கப் போயிருந்தபோது அவன் பெட்டியிலிருந்து தரை மட்டம் பார்க்கும் ரசமட்டத்தை எடுத்து அடுப்பு மேடையில் வைத்தேன். குமிழி நடுவில் இல்லை. அருகில்கூட இல்லை. ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டு நின்றது.

வெளியே வந்ததும் அவனைக் கூப்பிட்டேன். "இதக் கொஞ்சம் பாரு. மட்டமா இருக்கா?"

குனிந்து பார்த்தான். நன்றாகக் குனிந்துதான் பார்த்தான். "நடுவுல நிக்குதே. பின்ன என்ன?" என்றான்.

அய்யோ ஆர்லன்.

நான் சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்? ரசமட்டத்தைத் துடைத்துப் பெட்டியில் வைத்தேன்.

நவம்பர் 10

கேட்டுவிட்டேன். முதலில் கத்தினான். பிறகு படிக்கட்டில் போய் உட்கார்ந்தான்.

கோடையிலிருந்தே அப்படித்தானாம். எல்லாம் பால் ஊற்றின மாதிரி இருக்கிறதாம். "அப்ப டக்கோட்டாவுலேருந்து இங்க வரைக்கும் எப்படிடா ஓட்டின? பின்னால வீட்டையே கட்டி இழுத்துக்கிட்டு?" என்று கேட்டேன்.

"வெள்ளைக் கோடு தெரிஞ்சது" என்றான்.

வெள்ளைக் கோடு தெரிஞ்சுதாம்! பக்கத்துல நான் ஒக்காந்து பின்னல் போட்டுக்கிட்டு வந்தேனே, பாவி. எதிர்ல எத்தன குடும்பம் வந்திருக்கும். வாயில வந்ததையெல்லாம் திட்டினேன்.

கடைசியில் சொன்னான்: "கர்ட்டுக்குத் தெரிஞ்சா வண்டியப் பிடுங்கிக்குவான். நேரா அந்தக் கீழ்த்தளந்தான். நீதான் இங்க இவ்ளோ சந்தோஷமா இருக்கியே, வெர்லா."

எனக்காகவாம். கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

நவம்பர் 13

டிரெய்லரை நானே மட்டம் பண்ணினேன். நானே!

டிரெய்லரை இழுக்கும் பிக்கப் வண்டியை மறுபடி பூட்டி, தாழ்ந்த பக்கத்துச் சக்கரத்துக்கு முன்னால் பலகை போட்டு, அதன்மேல் மெல்ல ஏற்ற வேண்டும். இனெஸ் பக்கத்தில் நின்று, "இன்னும் ஒரு சாண்... ஏய், நிறுத்து, நிறுத்து! சக்கரம் தாண்டப் போவுது!" என்று பேட்டை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள். முதல் தடவை தாண்டிப் போனேன். இரண்டாம் தடவை பலகை பிளந்தது. ஆர்லன் உள்ளே திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். பலகை பிளந்த சத்தம் கேட்டதும் வெளியே வந்தான். தடித்த பலகை ஒன்றைத் தேடிக் கொண்டுவந்து, கையால் தடவிப் பார்த்துச் சக்கரத்தடியில் வைத்தான். "சத்தம் மாறும்போது நிறுத்து" என்றான்.

சத்தம் மாறியது. நிறுத்தினேன். குமிழி நட்டநடுவில்.

நவம்பர் 14

மட்டமான கேக். இரண்டு அடுக்கு, மேலே கருக்கின சர்க்கரைப் பூச்சு. ஒரு மயிரிழை சாய்வு இல்லை. அடுத்தடுத்து மூன்று சுட்டேன், மூன்றும் ஒரே அச்சு. இந்தச் செருப்புப் பெட்டியில்!

இந்த அறுபத்தெட்டு வயதில் எனக்கு என்னைப் பார்த்தே பெருமையாக இருக்கிறது. எழுதிவைத்துக்கொள்கிறேன், யாரும் படிக்கப் போவதில்லை.

நவம்பர் 19

பந்தயத்தில் ஜெயிக்க இந்தக் கேக் போதும். கர்ட் தின்பான், வாயை மூடிக்கொண்டு போவான். கண் விஷயத்தை அவனிடம் சொல்லவே வேண்டாம். ஆர்லன் இனி ஓட்ட மாட்டேன் என்று எனக்குச் சத்தியம் செய்திருக்கிறான். அது போதாதா?

ஆனால் மட்டமான கேக்கை நீட்டிக்கொண்டு, பார், எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொன்னால் அது என் ஓவன் திருகு சொன்னதைவிடப் பெரிய பொய். மருத்துவரிடம் போகலாம் என்றால் ஆர்லன் பேச்சை மாற்றுகிறான். பயப்படுகிறான். நானும்தான்.

நவம்பர் 28

நேற்று நடந்ததை நிதானமாக எழுத வேண்டும்.

வான்கோழியை இனெஸின் பெரிய ஓவனில் வைத்தோம். கேக் என்னுடையது. கர்ட் உள்ளே வந்ததும் வராததுமாக, "என்னம்மா, கரியா, கூழா?" என்றான். தட்டை மேசையில் வைத்தேன். மாரிட் "அம்மாடி" என்றாள். கர்ட் ஒரு வாய் தின்றான், இன்னொரு வாய் தின்றான், முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"சரிம்மா. தோத்துட்டேன்." பிறகு கேக்கை ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, ஆர்லன் தோளில் தட்டினான். "அப்பா, பூமியையே மட்டம் பண்ணிட்டு நிறுத்தியிருக்கீங்க போல. உங்களப் பத்திக் கவலப்பட்டதுக்கு நான்தான் முட்டாள்."

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் ஆர்லன் பேசிவிட்டான்.

"மட்டம் பண்ணினது நான் இல்ல. உங்கம்மா. எனக்குக் குமிழியே தெரியல கர்ட். கண்ணு போச்சு."

நாற்பது வருஷம் தரை பதித்த மனுஷன், மகன் முகத்தைப் பார்த்து அதைச் சொன்னான். அந்தக் கண்ணோடு இவ்வளவு தூரம் ஓட்டி வந்ததையும் மறைக்கவில்லை. கர்ட்டுக்கு முகம் சிவந்துவிட்டது. "யாரையாவது கொன்னிருந்தா?" என்றான். "ஆமா" என்றான் ஆர்லன்.

"அப்ப கீழ்த்தளந்தான். வேற பேச்சே இல்ல" என்றான் கர்ட்.

"வேற பேச்சு இருக்குடா. பந்தயத்துல ஜெயிச்சவ நான். நான் ஓட்டறேன்" என்றேன்.

"நீயா? இந்த வீட்டக் கட்டி இழுத்துக்கிட்டா?"

"பலகையில ஏத்தினது யாருன்னு இப்பத்தான உங்கப்பா சொன்னாரு? காது கேக்கலயா? கண்ணு போனது அவருக்கு, உனக்குக் காதா?"

மாரிட்தான் முதலில் சிரித்தாள். கர்ட் சிரிக்கவில்லை, ஆனால் இன்னொரு துண்டு வெட்டிக்கொண்டான். பிறகு மூன்று நிபந்தனை போட்டான்: நான் வண்டி இழுக்கப் பயிற்சி எடுக்க வேண்டும், ஆர்லன் வரும் வாரமே கண் மருத்துவரிடம் போக வேண்டும், அதுவரை சக்கரம் உருளக் கூடாது. மூன்றுக்கும் சரி என்றோம்.

அவர்கள் தூங்கப் போன பிறகு ஆர்லனிடம் சொன்னேன்: "உன்னக் கட்டினதுக்கு இன்னிக்கு மாதிரி நான் என்னிக்கும் பெருமைப்பட்டதில்ல." "கேக்கு நல்லா இருந்துச்சு" என்றான் அவன்.

டிசம்பர் 11

இரண்டு கண்ணிலும் புரையாம். வலது கண் அறுவை முடிந்தது. கட்டைப் பிரித்ததும் என்னை உற்றுப் பார்த்தான். "ஐயோ வெர்லா, உனக்கு எப்ப இவ்ளோ சுருக்கம் வந்துச்சு?" திருட்டுக் கிழவன். அழுதுவிட்டேன்.

ஜனவரி 8

இடது கண்ணும் முடிந்தது. எனக்கு இன்று எட்டாவது பயிற்சி வகுப்பு. பின்னால் எடுக்கும்போது இன்னும் கை வியர்க்கிறது, ஆனால் குப்பைத் தொட்டி உயிரோடு இருக்கிறது.

பிப்ரவரி 17

இருநூற்றுப் பத்து மைல், காற்று பலம், டிரெய்லர் ஒரு தடவைகூட ஆடவில்லை. புது இடத்தில் ஒரே முயற்சியில் பின்னால் எடுத்து நிறுத்தினேன். எதிர் வண்டிக்காரன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று கை தட்டினான்.

காலையில் கிளம்பும் முன்பு மருத்துவரைப் பார்த்தோம். ஆர்லன் இனி தாராளமாக ஓட்டலாம் என்றார். வெளியே வந்து நான் ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். அது அவனுடைய இடம்தானே.

ஆர்லன் இருக்கையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். வண்டியைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய் ஏறினான்.

"கிளம்பு. ஐம்பது வருஷமா ரோட்டைத்தான் பாத்திருக்கேன். இப்ப மலையப் பாக்கணும்" என்றான்.