மல்லாட்டை காய்ந்த பாதி

இன்று சாயங்காலம் பந்துக்குக் காற்றடிக்க ஊசியை எடுத்தவள், யோசிக்காமல் அதை நாக்கில் வைத்து நனைத்துவிட்டேன். இரும்பும் ரப்பரும் கலந்த ஒரு கரிப்பு. அது நீ செய்கிற வேலை. ஈரம் இல்லாமல் செருகினால் பந்தின் வாய் கிழிந்துவிடும் என்று ஒவ்வொரு முறையும் ஊசியை வாயில் போட்டுக்கொண்டு நிற்பாய். "சீ, எத்தினி பேர் வாய்ல வெச்சதுடி அது" என்று நான் முகம் சுளித்தால், "உன் வாய்ல வெக்கலியே, பொத்திக்கினு பந்தப் புடி" என்பாய். ஊசி பல்லுக்கு நடுவே இருப்பதால் பாதிச் சொல் குழறும்.

அந்தக் கரிப்பு நாக்கில் பட்டதும் பந்தைக் கீழே வைத்துவிட்டு ஸ்டோர் ரூம் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அழுகை வரவில்லை, பயமாக இருந்தது. நடந்ததை உன்னிடம் சொல்லியாக வேண்டும், உன்னைத் தவிர வேறு யாருக்கும் இது புரியாது. அதனால் எழுதுகிறேன்.

நம் காலேஜ் பாஸ்கெட்பால் டீம் இல்லாமல் போகப்போகிறதடி.

நீயும் நானும் ஆடிய இதே கோர்ட்டில் இப்போது நான்தான் பி.டி. மேடம் என்பது உனக்குத் தெரிந்ததுதான். நான் விசில் ஊதினால் பிள்ளைகளைவிட ஆடுகள்தான் முதலில் திரும்பிப் பார்க்கின்றன என்று நீயே கேலி செய்திருக்கிறாய். திண்டிவனத்திலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் பெண்களை ஏற்றிவர நிர்வாகம் புதிதாக பஸ் வாங்கியிருக்கிறது. நிறுத்த இடமில்லை. கோர்ட்டின் மேல் ஷெட் போட்டுவிடலாம் என்று யாரோ சொல்ல, எல்லாரும் தலையாட்டிவிட்டார்கள். பிரின்சிபல் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், அதைச் சொல்லத்தான் வேண்டும். "எனக்கும் டீம் இருக்கணும்னுதான் மேடம் ஆசை. ஆனா கமிட்டிகிட்ட வெறும் வாய்ல பேச முடியாதுங்க. டீம் எப்படி ஆரம்பிச்சுது, எந்த சீசன்ல எத்தினி மேட்ச் ஜெயிச்சீங்க, யார் எத்தினி பாயிண்ட் போட்டாங்க, எல்லாம் எடுத்துக்கினு வாங்க. ஜல்தியா வேணும்" என்றார்.

பழைய ஸ்கோர் ஷீட்டுகளை அள்ளிக்கொண்டு உட்கார்ந்தேன். கரையான் தின்றது போக மிச்சமிருந்ததில் நம் சீசன்களும் இருந்தன. ஆசை ஆசையாகக் கூட்டிப் பார்த்தேன். எப்படிக் கூட்டினாலும் தோற்றதுதான் அதிகமாக வருகிறது. ஸ்கோர் ஷீட் எப்படி இருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கூடையில் போட்டவள் பெயர் ஏறும், ஃபவுல் செய்தவள் பெயர் ஏறும். பந்தை எடுத்துவந்து கையில் கொடுத்தவளுக்குக் கட்டமே கிடையாது. எந்தத் தாளைப் புரட்டினாலும் என் பெயருக்கு எதிரே பாயிண்ட், உன் பெயருக்கு எதிரே ஃபவுல். பல மேட்சில் ஐந்து ஃபவுலும் ஆகி, ஆட்டம் முடிவதற்கு முன்பே வெளியே அனுப்பப்பட்டிருக்கிறாய். உன்னைத் தெரியாத ஒருவர் அதைப் படித்தால், இந்தப் பெண்ணுக்கு ஆடவே தெரியாது போலிருக்கிறது என்றுதான் நினைப்பார். எனக்கு அந்தத் தாள்களைக் கிழித்துப் போட்டுவிடலாமா என்று ஆத்திரம் வந்தது.

அந்தக் காலத்தில் காலேஜுக்குக் காம்பவுண்ட் சுவர் இல்லை. ஊர்க்காரர்கள் கொடுத்த நிலம், அதனால் யாரையும் வரக்கூடாது என்று சொல்லவும் முடியாது. சுற்றுவட்டாரத்தில் இவ்வளவு பெரிய சிமெண்டுத் தரை நம் கோர்ட் ஒன்றுதான். மல்லாட்டை பிடுங்கும் பருவம் வந்தால் ரோட்டுப் பக்கத்துப் பாதியில் கடலைக் காயைக் கொட்டிப் பரப்பிவிடுவார்கள். அதில் முக்கால்வாசி உன் வீட்டுக் காய். நம் பி.டி. சார் ஒருமுறை தட்டிக் கேட்டபோது உன் அம்மா, "களத்துல காய வெக்காம உன் தலையிலயா சார் காய வெப்பாங்க?" என்று கேட்டுவிட்டு, ஒரு முறம் காயை அவர் மேசையில் கொட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு சார் வாயே திறக்கவில்லை. வாயில்தான் எப்போதும் மல்லாட்டை இருந்ததே.

அப்படித்தான் நாம் பாதிக் கோர்ட்டில் பாஸ்கெட்பால் கற்றுக்கொண்டோம். காய் பரப்பாத பக்கத்துக் கூடை ஒன்றிலேயே போடுவதும் அதையே தடுப்பதுமாக. சீசன் தொடங்குவதும் காய் காய்வதும் வருஷா வருஷம் ஒரே நேரத்தில் வந்து தொலையும். வெளியூர் மேட்சுக்குப் போனால் முழுக் கோர்ட். பந்து எதிராளி கைக்குப் போனதும் திரும்பி ஓடி நம் கூடையைக் காக்க வேண்டும் என்பது நம்மில் யார் காலுக்கும் தெரியவில்லை. நாம் ஒன்று போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு நிற்போம். அவர்கள் அந்தப் பக்கம் காலியாகக் கிடக்கும் கூடையில் சாவகாசமாகப் போட்டுவிட்டு வருவார்கள். நம் டீமின் முழு வரலாறும் இவ்வளவுதான். இதை எந்தத் தாளில் எழுதிக் கமிட்டிக்குக் காட்டுவது?

திரும்பி ஓடத் தெரிந்தவள் நீ ஒருத்திதான். உன்னைப் பழக்கியவை ஆடுகள். பிராக்டிஸ் நடந்துகொண்டிருக்கும்போதே ரோட்டிலிருந்து உன் அம்மா, "அடியே, ஆடு வாய வெக்குது பாரு!" என்று கத்துவார். ஆட்டத்தை விட்டுவிட்டு அந்தப் பாதிக்குப் பாய்வாய். துரத்திவிட்டு மூச்சு வாங்க இங்கே வந்து சேர்வதற்குள் மறுபடி ஒரு ஆடு. "பேஜாரா போச்சுடி" என்று சொல்லிக்கொண்டே மறுபடி ஓடுவாய். நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்போம். அந்த ஓட்டம்தான் மேட்சில் எங்களைக் காப்பாற்றியது. எதிராளியின் கூடைப் பக்கத்தை நீ 'மேல' என்பாய், நம் கூடைப் பக்கம் 'கீழ'. நான் உயரம், ஆனால் மந்தம். என்னைப் பிடித்து முன்னால் தள்ளிவிட்டு, "நீ மேல போ. கீழ நான் இருக்கேன்" என்பாய். நான் மேலேயே நின்றேன், பந்து வரும், போடுவேன். கீழே இரண்டு பேர், மூன்று பேர் ஒன்றாக வருவார்கள். தனியாக நிற்கிறவள் என்ன செய்வாள்? மறிப்பாய், விழுவாய், விசில் ஊதுவார்கள், உன் கட்டத்தில் இன்னொரு ஃபவுல் ஏறும்.

விழுப்புரத்தில் நாம் கடைசியாக ஆடிய மேட்ச் உனக்கு நினைவிருக்கும். ஜெயித்தால் அடுத்த சுற்று. முந்தின நாள் பௌர்ணமி என்று என்னையும் திருவக்கரைக்கு இழுத்துப்போய், வக்கிரகாளி சன்னதியில் வாங்கிய குங்குமத்தை மேட்சுக்குக் கொண்டுவந்த நம் பந்தில் அப்பினாய். கிளியனூர் கோயிலில் நான் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்ததைச் சொன்னதும், "அப்போ ரெண்டு சாமியும் நம்ம பக்கம். ரெஃப்ரி ஒருத்தருதான் அந்தப் பக்கம்" என்றாய். அந்த ரெஃப்ரி குங்குமத்தைத் துடைக்கச் சொல்லித் திட்டினார். நாம் முன்னால் இருந்தோம். கடைசி நேரத்தில் உனக்கு ஐந்தாவது ஃபவுல். நீ துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பெஞ்சுக்குப் போனாய். அதற்கப்புறம் கீழே யாருமில்லை. ஒரே ஒரு கூடையில் தோற்றோம்.

திண்டிவனம் திரும்பும் ரயிலில் நான் தேம்பிக்கொண்டே வந்தேன். நீ வேகவைத்த மல்லாட்டையை உரித்துத் தின்றுவிட்டுத் தோலை என் மேல் எறிந்துகொண்டு வந்தாய். "நீ போட்டத எவனும் அழிக்க முடியாதுடி. பேப்பர்ல ஏறிடுச்சு" என்றாய். அன்றைக்கு அது ஆறுதலாக இருந்தது. இப்போது அதே பேப்பரை மடியில் வைத்துக்கொண்டிருக்கிறேன், உன் ஓட்டம் எதில் ஏறியிருக்கிறது என்று தேடித் தேடிப் பார்க்கிறேன்.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் நீ கடைசியாகப் பேசியதும் இதைப் பற்றித்தான். மூக்கில் குழாய் இருந்தது. மறுபடியும் பாதிச் சொல் குழறியது. "டீமு இருக்குதாடி?" என்றாய். இருக்கிறது என்றேன். "வுட்றாத. அந்தக் கோர்ட்டு இருந்தா நான் அங்கதான் ஓடிக்கினு இருப்பேன்." விட மாட்டேன் என்று உன் கையைப் பிடித்துச் சொன்னேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை.

போன வாரம் உன் வீட்டுக்குப் போனேன். பழைய டீம் போட்டோ ஏதாவது கிடைத்தால் கமிட்டிக்குக் காட்டலாம் என்று. போட்டோ இல்லை. அம்மா கேப்பை அடை சுட்டுக் கொடுத்தார். என் பையில் இருந்த தாள்களைப் பார்த்துவிட்டு, "என் பொண்ணு பேர்ல இன்னாம்மா எழுதிக்கீது, படி" என்றார். மறைக்கப் பார்த்தேன், விடவில்லை. படித்தேன்.

"ஃபவுலுன்னா?"

"தப்பா மறிச்சா எழுதறதுங்கம்மா."

"வெறும் தப்ப மட்டுமா எழுதி வெச்சாங்க?" தாளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "ஓடிக்கினே இருந்தாளேம்மா. நான் ரோட்ல இருந்து பாத்தேனே."

உன் அம்மாவைக் கமிட்டி முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிடலாமா என்று கூட நினைத்தேன். நிறுத்தியிருக்க வேண்டும்.

இன்று காலையில் கமிட்டி கூடியது. பெரியவர் ஒருவர் நான் எழுதிக்கொண்டு போனதைப் புரட்டிவிட்டு, "தோத்ததுதான் ஜாஸ்தியா இருக்குது மேடம்" என்றார். அதற்கும் பதில் வைத்திருந்தேன். பாதிக் கோர்ட்டையும் மல்லாட்டையையும் ஆடுகளையும் உன்னையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, ரசித்துத்தான் சிரித்தார்கள். அதுதான் வினையாகப் போயிற்று. "அப்போ அரை கோர்ட்டு உங்களுக்குப் பழக்கம்தானே?" என்றார் அவர். "ரோட்டுப் பக்கத்த பஸ்ஸுக்கு வுட்ருங்க. இந்தப் பக்கம் நீங்க ஆடுங்க. பிராக்டிஸுக்கு ஒரு கூடை போதாதா?"

எந்தக் கதையைச் சொல்லிக் கோர்ட்டைக் காப்பாற்றலாம் என்று நினைத்தேனோ, அதை வைத்தே பாதியை வாங்கிக்கொண்டார்கள். எழுந்து நின்று கெஞ்சினேன். ஒரு கூடையோடு பழகியதால்தான் ஐயா தோற்றோம், முழுசாகக் கொடுங்கள் என்றேன். என் குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது. பிரின்சிபல் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். இந்தப் பாதியும் அடுத்த வருஷம் போய்விடும். அங்கே உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் அது தெரியும்.

மத்தியானமே ஆட்கள் வந்து ரோட்டுப் பக்கத்துக் கம்பத்தை அறுத்துப் படுக்கவைத்துவிட்டார்கள். அந்தப் பாதியில் ஜல்லி கொட்டியாயிற்று. சாயங்காலம் பிள்ளைகள் வந்தார்கள். முன்னைப்போல நிறையப் பேர் இல்லை, விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களுக்காகத்தான் பந்துக்குக் காற்றடித்தேன். ஒரு பெண் கூடையில் போட்டாள். பந்து எதிர்ப்பக்கத்தில் ஆடிய இன்னொருத்தி கைக்குப் போயிற்று. யாரும் அசையவில்லை, கையைத் தட்டிக்கொண்டு அங்கேயே நின்றார்கள். "திரும்பி ஓடுங்கடி! கீழ ஓடுங்க!" என்று கத்தினேன்.

"எங்க மேடம் ஓடறது? அங்க கூடையே இல்லியே" என்றாள் ஒருத்தி. தப்பாகச் சொல்லவில்லை, பாவம்.

விசிலைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு ஓடினேன். இந்த இடுப்பையும் இந்த முழங்காலையும் வைத்துக்கொண்டு, நடுக்கோட்டைத் தாண்டி, உன் அம்மா காய் பரப்பிய இடம் வரைக்கும். செருப்பில் ஜல்லி குத்தியது. அறுத்த கம்பத்துக்கு முன்னால் திரும்பி நின்று, நீ நிற்பதுபோல இரண்டு கையையும் விரித்துக்கொண்டேன். மூச்சு நெஞ்சை அடைத்தது. நீ அத்தனை வருஷமும் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் மேலே நிற்பவர்கள் ரொம்பத் தூரத்தில் தெரிகிறார்களடி. எனக்கு அது தெரியவே தெரியாது.

பிள்ளைகள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். "மேடம், அங்க இன்னா பண்றீங்க?" என்று ஒருத்தி பயந்துபோய்க் கேட்டாள்.

"நீங்க மேல போங்கடி" என்றேன். "கீழ நான் இருக்கேன்."