லெந்து நாட்களின் மாத்திரை

அன்புள்ள பிரேமாவுக்கு,

அரக்கோணத்துக்கு உன் அக்காள் வீட்டுக்குப் புறப்படும் அவசரத்தில், பீரோவில் ஒரு மாத்திரைப் புட்டியை மறந்துவிட்டாய். அதன் மேல் ஒட்டியிருந்த சீட்டில் பாதி கிழிக்கப்பட்டிருந்தது. மறைக்க ஏதுமில்லாதவர் சீட்டைக் கிழிப்பதில்லை. ஆகவே நம் திருத்தணியில் விசாரிக்காமல், என்னை யாரும் அறியாத கனகம்மாசத்திரத்து மருந்துக்கடையில் அதைக் காட்டினேன்.

"எச்.ஐ.வி. மாத்திரை சார் இது" என்றார் கடைக்காரர்.

அந்தக் கணமே உன்னைக் குற்றவாளி என்று தீர்மானித்தேன். உனக்கு அந்த நோயைத் தந்த ஆள் யாராக இருக்கும் என்றும் யோசிக்கத் தொடங்கினேன். அதற்குள் அவர் தொடர்ந்தார்:

"நோவு வந்தவங்களுக்கு மட்டும் இல்ல சார், வராம இருக்கவும் டாக்டருங்க எழுதித் தர்றாங்க. பொம்பளைங்க தெனமும் சாப்டணும். வேலை செய்யவே மூணு வாரம் ஆவும். வூட்டுக்காரர் மேல சந்தேகம்னா பாவம், வாங்கிகினு போறாங்க."

"லெந்து நாளுங்க, நான் தனியாப் படுத்துக்கறேன்" என்று நீ பாயை எடுத்துக்கொண்டு போனது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மற்ற ஆண்டுகளில், ஈஸ்டருக்கு முந்தைய இந்த லெந்து நோன்புக்கு நீ இறைச்சியைத்தான் விட்டாய், என்னை விட்டதில்லை.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே. நான் வாதாடிய திருப்பதி வழக்கு சென்ற ஆண்டே முடிந்ததையும், அதன் பிறகும் நான் சனிக்கிழமைதோறும் அங்கே தங்கிவந்ததையும் உனக்குச் சொன்னவர் யார்? குமாஸ்தா நேசகுமாரைச் சந்தேகிக்கிறேன். திருப்பதி விஷயத்தை யாரிடமாவது சொன்னாயா என்றதற்கு, "அம்மா எங்கிட்ட எதுவும் கேக்கல சார்" என்கிறான். நீ கேட்டாயா என்று நான் அவனிடம் கேட்கவேயில்லை.

புட்டியை இத்துடன் அனுப்புகிறேன். நேற்று என் இரத்தத்தைப் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறேன். முடிவு தெரியும்வரை, ஒரு நாளும் மாத்திரையை நிறுத்திவிடாதே.

இப்படிக்கு,
சட்டப்படி உன் கணவன்