சொந்த மகளுக்கு ஒரு தீர்ப்பு

வேப்பந்தட்டை
12-6-1978

அன்பு மகள் மலர்க்கொடிக்கு அப்பா எழுதுவது. நான் சுகம். நீ எப்படி இருக்கிறாய்? கடலை விதைக்க மழையைத்தான் காணோம்.

நீ போய் மூன்று மாதம் ஆகிறது, ஒரு வரி இல்லை. இன்னும் கோபமா? புருஷனோடு சண்டை போட்டு நீ வந்து நின்றாய். ஊருக்கே பஞ்சாயத்து பேசுகிறவன் நான் என்ன செய்வேன்? மாப்பிள்ளை பக்கம் நாலு பேர் வந்து பேசினார்கள். திரும்பிப் போ என்றேன். மகளுக்காக மாயவன் வளைந்துவிட்டான் என்று ஒருவன்கூடச் சொல்லவில்லை. "தீர்ப்புன்னா இதுதாங்க" என்றார் கூட்டத்தில் இருந்த செல்லக்கண்ணு. மாப்பிள்ளை இப்போது நன்றாக நடந்துகொள்கிறாரா? எழுதம்மா.

உன் அப்பா,
மாயவன்


தா.பழூர்
30-6-1978

அப்பாவுக்கு மலர்க்கொடியின் வணக்கம்.

கோபம்தான். மருதாயியின் வழக்கில், "மொதல்ல பொம்பளயப் பேச வுடுங்க" என்று எல்லாரையும் அதட்டியவர் நீங்கள். என் வழக்கில் அந்த நாலு பேரும் பேசி முடித்ததும் எழுந்துவிட்டீர்கள். யாரும் குறை சொல்லக் கூடாது என்ற பயம். அந்தப் பயத்தில் எனக்கு மட்டும் பேச இடமில்லாமல் போனது.

பேச விட்டிருந்தால் சொல்லியிருப்பேன். உங்கள் மாப்பிள்ளை அறைந்ததில் எனக்கு இடது காது செவிடாகிவிட்டது.

மலர்க்கொடி


வேப்பந்தட்டை
5-7-1978

மகளே,

உன் கடிதத்தைப் பல தடவை படித்துவிட்டேன். இனிமேல் எந்தப் பஞ்சாயத்துக்கும் என்னைக் கூப்பிடாதீர்கள் என்று ஊரில் சொல்லிவிட்டேன். என் மகள் முகத்தைப் பார்க்கத் தெரியாதவன் யாருக்கு நியாயம் சொல்வது? உடனே பஸ் ஏறி வந்துவிடு. யார் என்ன பேசினாலும் பேசட்டும்.

அப்பா


அரியலூர்
20-7-1978

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்த மறுநாளே அந்த வீட்டைவிட்டுக் கிளம்பிவிட்டேன். அரியலூரில் இறங்கியவள் நம் ஊருக்கு அடுத்த பஸ் ஏறவில்லை. இங்கே ஒரு பெண்கள் விடுதியில் சமையல் வேலை. விடுதியில் இருக்கும் பொன்னுத்தாய் அக்கா சேர்த்துவிட்டார்.

போ என்றீர்கள், போனேன். இப்போது வா என்கிறீர்கள். இரண்டு தடவையும் முடிவு உங்களுடையது. இந்தத் தடவை நானே உட்கார்ந்து மூன்று நாள் யோசித்தேன். என் பக்கத்தைப் பார்த்தேன். உங்கள் பக்கத்தையும் விடவில்லை. அம்மா இல்லை, உங்களுக்கு வயதாகிவிட்டது, காய்ச்சல் என்று படுத்தால் சுடுதண்ணீர் வைத்துக் கொடுக்க ஆள் கிடையாது. இங்கே எனக்கும் அப்படித்தான். எல்லாம் தெரிந்துதான் முடிவு செய்தேன்.

நான் வரவில்லை அப்பா.

மலர்க்கொடி