எட்டாம் பிறையில் திறந்த பாறைத்திட்டு

கிசிவானி, பெம்பா தீவு
மார்ச் 4

கண்ணே சுவெனா,

சலாம். நீ சொன்னபடி, பேய்க்கணவாய் வளர்ந்து பெருக, கடலுக்குள் இருக்கும் பாறைத்திட்டை மூன்று மாதம் மூட எல்லாப் பெண்களையும் சம்மதிக்க வைத்துவிட்டேன். வீடு வீடாக ஏறி இறங்கியதில் கால் ஓய்ந்துபோயிற்று. அந்த எட்டுக்கால் கணவாயைப் பிடிக்காமல் பிள்ளைகளுக்கு எதைப் போடுவது என்று சுபிரா சண்டைக்கே வந்தாள். அவளுக்குப் புருஷனும் இல்லை, படகும் இல்லை. “என் தங்கச்சி வெளிநாட்டுல கடலைப் பத்திப் படிச்சவ. நம்ம வயித்துல அடிக்க மாட்டா” என்றேன். பௌர்ணமியன்று கடல் வற்றியதும் நாமே நடந்துபோய்ப் பிடிக்கலாம் என்று வாக்கும் கொடுத்திருக்கிறேன். என் மானத்தைக் காப்பாற்று, தாயே.

அக்கா மிஸே

சான்சிபார் நகரம்
மே 28

அன்பு அக்கா,

கோபித்துக்கொள்ளாதே. திறப்பு விழா ஒரு வாரம் முந்துகிறது. எங்கள் அலுவலகத் திட்டத்துக்குப் பணம் தரும் நாட்டின் அதிகாரிக்கு அப்போதுதான் நேரமாம். சீக்கிரம் திறந்தால் உங்களுக்கும் நல்லதுதானே? பெண்களைப் புதுத் துணி உடுத்தி வரச் சொல்.

சுவெனா

கிசிவானி
ஜூன் 20

சுவெனா,

பௌர்ணமி மாதிரி எட்டாம் பிறையில் கடல் வற்றாதே, அன்றைக்கு எவளாவது திட்டுக்கு நடந்து போயிருக்கிறாளா? நாள் மாறிய சேதி வந்ததுமே உனக்கு ஆள் விட்டேன், பதில் இல்லை. விழாவன்று தண்ணீர் மார்பளவு நின்றது. நாங்கள் குச்சியும் கையுமாகக் கரையில் நின்றோம். படகு வைத்திருந்த ஆண்கள் கண்ணாடி மாட்டி முங்கி, மதியத்துக்குள் எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு போனார்கள். நீ எங்களைப் பாடச் சொன்னாய், வெட்கமில்லாமல் பாடினோம்.

சுபிரா ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். “உன் தங்கச்சிக்குப் பிறை தெரியாதா, மிஸே?” என்று மட்டும் கேட்டாள். நகரத்தில் இருந்து மறந்திருப்பாள் என்றேன். மறந்துதான் போனாயா?

மிஸே

சான்சிபார் நகரம்
ஜூலை 11

அக்கா,

மறக்கவில்லை. அலுவலகத்தில் சொன்னேன், விருந்தாளியின் நாளை மாற்ற முடியாது என்றார்கள். அதற்குமேல் வாயைத் திறந்தால் வேலை போய்விடும். என்ன செய்யச் சொல்கிறாய்?

இப்போது நம் திட்டுதான் முன்மாதிரி. மற்ற நாட்டுக்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்க என்னை அனுப்புகிறார்கள். அடுத்த மாதம் மறுபடி மூட வேண்டும். பெண்கள் நீ சொன்னால்தான் கேட்பார்கள். எனக்காக ஒரே ஒரு தடவை.

சுவெனா

கிசிவானி
ஜூலை 25

சுவெனா,

மறுபடி மூடச் சொல்லி யாரிடமும் கேட்கவில்லை. உனக்குப் பிறை தெரிந்தேதான் இருந்தது என்று சுபிராவிடம் சொல்லிவிட்டேன். அவள் மற்றவர்களிடம் சொன்னாள். நேற்று கடல் வற்றியதும் பிடிக்கப் போகும்போது, விழாவுக்குப் பிறகு முதல் தடவையாக என்னையும் கூப்பிட்டார்கள்.

நீ ஊருக்கு வந்தால் திட்டக்காரர்கள் தங்கும் விடுதியிலேயே தங்கிக்கொள். இங்கே வராதே.

மிஸே