மாமா வீட்டு இளவரசனுக்கு ஏறிய ரத்தம்

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், உன் மாமாவின் அலட்டலைக் கேட்டுக்கொண்டே ஒரு மனுஷி எவ்வளவு நலமாக இருக்க முடியுமோ அவ்வளவு நலம். நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, சளி பிடிக்காமல் இருக்கிறாயா? செல்லப் பிராணிகளுக்கு ரத்தம் ஏற்றுவது பற்றி நீ ஆராய்ச்சிக் கூட்டத்தில் பேசிய வீடியோவை இன்னும் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன், கீழே முதல் கமெண்ட் நான் போட்டதுதான், நீ பேசும்போது முன்வரிசையில் போனை நோண்டிக்கொண்டிருந்த தாடிக்காரருக்கும் ஒரு பதில் எழுதி வைத்திருக்கிறேன், நீ வேண்டாம் என்றால் போடவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். மாமாவின் நாய் இளவரசன் செத்துப் பிழைத்திருக்கிறான். உண்ணிக் காய்ச்சல். ஈறெல்லாம் காகிதமாக வெளுத்து, தலையைத் தூக்கக்கூட முடியாமல் க்ளினிக் மேஜையில் கிடந்தான். உண்ணிக்கு மருந்து கொடுங்கள் என்று நீ தலைபாடாக அடித்துக்கொண்டபோது, "ஏசி ரூம்ல தூங்குற நாய்க்கு உண்ணி எங்கேருந்து வரும்" என்று கேட்ட மகானாயிற்றே. டாக்டரம்மா உடனே ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார். இவர் தன் ஜாதி நாய் சங்கத்துக்குப் போன் போட்டு, கண்காட்சியில் கப்பு வாங்கிய நாய் ஒன்றை வரவழைத்தார். அது குளித்து, சீவி, மினுக்கிக்கொண்டு வந்தது. கூட வந்த சங்கத் தலைவர், "பரம்பரை சர்டிஃபிகேட் இருக்கு, டெஸ்ட்டெல்லாம் எதுக்குங்க" என்று மாப்பிள்ளை வீட்டார் தோரணையில் பேசுகிறார். நான் விடுவேனா? பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கிற நாயின் ரத்தத்திலும் கிருமி சத்தம் போடாமல் உட்கார்ந்திருக்கும், சோதிக்காமல் ஏற்றினால் நோயையும் சேர்த்து ஏற்றுகிறோம் என்று நீ சொன்னதை அப்படியே எடுத்துவிட்டேன். "யூட்யூப் பாத்து டாக்டரானவ வந்துட்டா, வழி விடுங்கப்பா" என்றார் மாமா. டாக்டரம்மா சிரிக்கவில்லை, டெஸ்ட் பண்ணாமல் நான் ஏற்றவே மாட்டேன் என்று சொல்லிவிட்டார். சோதித்தால் கப்பு நாய்க்கும் அதே உண்ணிக் கிருமி. தலைவர் கப்பு நாயை இழுத்துக்கொண்டு போன வேகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

பிறகு டாக்டரம்மாவே தன்னிடம் வழக்கமாக நாயைக் காட்டும் ஒருத்திக்குச் சொல்லி அனுப்பினார். மாமாவுக்கு மாதாமாதம் தலைக்கு டை அடிக்கிற பார்லர் அக்கா தன் நாய் குண்டுவோடு வந்து நின்றாள். குண்டு குட்டியாகத் தெருவில் கிடைத்த நாய்தான், ஆனால் தடுப்பூசி, உண்ணி மருந்து எதுவும் தப்பாது. சோதனையில் எல்லாம் சுத்தம். உன் மாமா என்ன சொன்னார் தெரியுமா? "தெரு நாய் ரத்தம் எங்க பையன் உடம்புல ஓடணுமா?" அங்கே அவனுக்கு மூச்சு வாங்குகிறது, இங்கே இவர் வம்சம் பேசுகிறார். பார்லர் அக்கா, "சார், உங்க தலைல இருக்கிற கறுப்பு எந்தப் பரம்பரைன்னு நான் என்னிக்காவது கேட்டேனா?" என்றாள். மாமா விறைத்துக்கொண்டு, வேறு ஜாதி நாய் தேட வெளியே போன் பேசப் போய்விட்டார். அப்போதுதான் வாயே திறக்காத உன் அத்தை எழுந்தாள். "ஏத்துங்க டாக்டர், அவர் வந்தா நான் பேசிக்கிறேன்" என்றாள். அவர் யாரையோ கெஞ்சி முடித்துத் திரும்பும்போது குண்டுவின் ரத்தம் குழாயில் இறங்கிக்கொண்டிருந்தது. அத்தை கதவருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள், அவளைத் தாண்ட அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

இளவரசன் இப்போது எழுந்து சாப்பிடுகிறான், ஈறில் சிவப்பு வந்துவிட்டது. மாமாவுக்கு மட்டும் புத்தி வரவில்லை. குண்டுவின் தாத்தா நிச்சயம் வெளிநாட்டு ஜாதியாம், காதைப் பார்த்தாலே தெரிகிறதாம், தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அது போதாதென்று, ஏற்றிய ரத்தம் எத்தனை நாளில் உடம்பை விட்டுப் போகும், அடுத்த கண்காட்சிக்குள் போய்விடுமா என்று உன்னிடம் கேட்கப் போகிறாராம். ஆராய்ச்சிக்காரி நீ, உண்மையைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் முதல் ரிங்கிலேயே எடுக்காதே, கொஞ்சம் காத்துக் கிடக்கட்டும். இன்னொரு முறை ரத்தம் ஏற்ற வேண்டி வந்தால் பொருத்தம் பார்க்காமல் ஏற்றவே கூடாது என்பதை மட்டும் அவர் மண்டையில் ஏறும்வரை சொல்லு. அவர் வீட்டில் வந்து மாட்டியது அந்த வாயில்லா ஜீவனின் தப்பில்லை.

உன் கை தொட்ட உயிரெல்லாம் பிழைக்கட்டும், நீயும் நன்றாக இரு. ஊசி, ரத்தம் கையாளும்போது கையுறை மறக்காதே.

உன் வீடியோவுக்கு முதல் லைக் போடுகிற,
அம்மா